பாலனைத் தூக்குகிற கை

“இந்த வருசம் எங்கம்மா பாலனைத் தூக்காது.”

சொல்லிவிட்டேன். வேலைக்குப் போகிறேன் என்றால் நைனா போ என்பார், கல்யாணத்தைத் தள்ளிப்போடு என்றால் முணுமுணுத்துக்கொண்டாவது தள்ளிப்போடுவார். இந்த ஒன்றை மட்டும் வாயில் எடுக்கவே கூடாது என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார். அதை நான் எப்போது எடுத்தேன் என்றால், குடில் கமிட்டிக்காரர்கள் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது.

கமிட்டித் தலைவர் மரியநேசன் மாமா கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார். நைனா என்னை முறைத்தார். அம்மா பிஸ்கட் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள்.

“இன்னாம்மா சொல்ற?” என்றார் மரியநேசன் மாமா.

“தூக்காதுன்னு சொல்றேன் மாமா. வேற யாராச்சும் தூக்கட்டும். தெருவுல பொம்பளைங்களுக்கா பஞ்சம்?”

“யேசுதாசு, இன்னாய்யா உன் பொண்ணு இப்டிப் பேசுது? காலேஜுல இதத்தான் சொல்லிக் குட்த்தாங்களா?”

“அது தமாஷுக்கு சொல்லுது. நீ டீயக் குடி மரியநேசா.”

“தமாஷு இல்ல நைனா.”

“உள்ள போ மெர்லினு.”

உள்ளே போவதற்கு எங்கள் வீட்டில் உள்ளே என்று ஓர் இடம் கிடையாது. ஒரு தடுப்பு, அதற்குப் பின்னால் அடுப்பு. அங்கே போய் நின்றேன். மரியநேசன் மாமா பிஸ்கட்டைத் தொடாமல் எழுந்து போகிற செருப்புச் சத்தம் கேட்டது.

எங்கள் தெருமுனையில் ஒவ்வொரு டிசம்பரிலும் கிறிஸ்மஸுக்கு யேசு பிறந்த தொழுவத்தைக் குடிலாகக் கட்டுவார்கள். ஹார்பரில் வேலை பார்க்கிறவர்கள் சாக்கும் தார்ப்பாயும் கொண்டுவருவார்கள். மீன்பிடிக்கிற வீடுகளிலிருந்து பழைய வலை வரும். வலையைப் போர்த்தி அதன் கண்களில் வைக்கோலைச் செருகினால் அதுதான் மலை. மாதா, சூசையப்பர், ஆடு, மாடு எல்லாம் முன்னாடியே வந்து நின்றுவிடும். பாலன் யேசு பொம்மை மட்டும் வராது. பாலன் வருஷம் முழுக்க எங்கள் வீட்டு பீரோவில், அம்மாவின் புடவைகளுக்கு நடுவில், பூத்துவாலையில் சுற்றியிருக்கும். இருபத்திநாலாம் தேதி சாயங்காலம், ஜனம் பூசைக்குக் கிளம்புகிறதற்கு முன்னால், பாட்டுப் பாடிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வரும். அம்மா பாலனைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவாள். தெரு ஒதுங்கி வழிவிடும். அம்மா குடில் வரைக்கும் நடந்துபோய் வைக்கோலில் கிடத்துவாள். கிடத்தும்போது அழுவாள்.

அந்த அழுகைக்காகத்தான் அவ்வளவு கூட்டம். “பவுலினக்கா கண்ணுல தண்ணி வந்தாதான் நமக்குப் பண்டிகை” என்பார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து கைக்குழந்தைக்காரிகள் வருவார்கள். அம்மா கண்ணைத் துடைத்த ஈரக் கையைப் பிடித்துத் தங்கள் பிள்ளைகளின் நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். பிள்ளையைச் சீக்கு அண்டாதாம். நைனா வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் நிற்பார். ஹார்பரில் எவனெவனோ ஏய் என்று கூப்பிடுகிற மனுஷனுக்கு, ‘யேசுதாஸ் அண்ணன் வழிவிடுங்கப்பா’ என்று தெரு சொல்கிற சாயங்காலம் வருஷத்தில் அது ஒன்றுதான். அது எனக்கும் தெரியும்.

ஆனால் அம்மா அழுவது பக்தியினால் அல்ல. அதுவும் எனக்குத் தெரியும், ஒரே வீட்டுக்குள் இருக்கிறேனே.

மழை விட்டு எதிர்வீட்டு மாடியில் முதல் ஸ்டார் ஏறுகிற அன்றைக்கு ஆரம்பிக்கும். அம்மா தூங்க மாட்டாள். தலை வார மாட்டாள். குழம்பில் உப்பு இரண்டு தரம் விழும், இல்லையென்றால் விழவே விழாது. பகலில் மிக்சியை ஓடவிட்டுவிட்டு அதன் பக்கத்தில் நின்று அழுவாள். நான் ஒருநாள் எட்டிப் பார்த்தேன், ஜாரில் ஒன்றுமே இல்லை. வெறும் ஜார் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றிலும் வீடு வீடாக வெள்ளையடிப்பார்கள், பலகாரம் சுடுவார்கள், துணிக்கடைப் பைகளோடு வந்து இறங்குவார்கள். ஊரே சந்தோஷமாக இருக்கிற மாதத்தில் தனக்கு மட்டும் அது வரவில்லையே என்று வேறு அவளுக்கு ஒரு குற்ற உணர்ச்சி. அதனால் எல்லார் வீட்டுக்கும் போய் மாவு பிசைந்து கொடுப்பாள்.

பொங்கல் வருவதற்குள் சரியாகிவிடும். “அவளுக்குப் பனி ஒத்துக்காது” என்பார் நைனா. எங்கள் வீட்டில் அந்த நோய்க்குப் பெயர் பனி.

போன வருஷம் அம்மா பாலனைக் கிடத்தவில்லை. குடிலுக்கு முன்னால் மண்டி போட்டாள், அப்படியே இருந்தாள். பாட்டு முடிந்தது. மறுபடி முதலிலிருந்து பாடினார்கள். அப்புறமும் விடவில்லை. நைனா சிரித்த முகம் மாறாமல் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். “இன்னா பக்தி பாரு” என்று பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி இது நடக்காது என்று ஸ்பீக்கர் பெட்டிக்குக் கீழேயே நின்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

கமிட்டிக்காரர்கள் போனதும் நைனா கதவைச் சாத்தினார்.

“ஆளுங்க முன்னாடி என் மானத்த வாங்கிட்ட.”

“அம்மாவ டாக்டராண்ட காட்டணும் நைனா.”

“எந்த டாக்டரு? ஜுரமா, இருமலா?”

“எந்த டாக்டருன்னு உனக்கே தெரியும்.”

“கீழ்ப்பாக்கத்துக்கு இட்டுகினு போயி, யேசுதாசு பொண்டாட்டிக்கு மரை கயண்டுகிச்சின்னு ஊரு பூரா தம்பட்டம் அடிக்கணுமா? நாளைக்கு உன்ன எவன் பொண்ணு கேட்டு வருவான்?”

“வராம போனா ஒரு பேஜாரு கொறஞ்சிச்சி.”

“டிகிரி வாங்கிட்டா வாயி நீண்டுடுமா?”

“ஆமா. அதுக்குத்தான் வாங்கனது.”

அடிக்க வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். கயிறு இழுத்து இழுத்துக் காய்ப்புக் காய்த்த கை.

“நம்ம வூட்டு வாசல்லேந்து பாலன் பொறப்புடுதும்மா. இந்த மாதிரி யாருக்குக் கெடைக்கும்? உங்கம்மாவுக்கு வேற இன்னா பெருமை கீது சொல்லு, நான் இன்னா செஞ்சி குட்த்தேன் அவளுக்கு?”

அவர் சொன்னது நிஜம். பொய் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். விலங்கியல் படித்துவிட்டுத் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீஸில் கண்டெய்னர் நம்பர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். தவளையை அறுக்கத் தெரிந்தவளுக்கு அம்மாவுக்கு என்ன என்று சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவரிடம் கூட்டிப்போகலாம் என்கிற அறிவு மட்டும்தான் படிப்பு எனக்குக் கொடுத்தது. அது போதும் என்று அரை நாள் லீவு போட்டேன். “அம்மாவுக்குக் கண்ணாடி மாத்தணும்” என்று நைனாவிடம் சொல்லிவிட்டு, கல்மண்டபத்தில் பஸ் ஏறினோம்.

பஸ் திரும்பியதும் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“கண்ணாஸ்பத்திரி இந்தப் பக்கம் இல்லியேடி.”

“கண்ணுக்கு இல்லம்மா. தூக்கத்துக்கு.”

நிறுத்தம் வந்தால் இறங்கிவிடுவாளோ என்று நான் அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், சின்னப் பிள்ளை மாதிரி.

“நைனாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சீப்பு எட்த்தாந்தியா?”

“இன்னாத்துக்கு?”

“பரட்டத் தலையோடயா டாக்டரு முன்னாடி போயி குந்துறது? உம்பேரு கெட்டுடும்.”

பெரியாஸ்பத்திரியில் மனநல ஓ.பி. கடைசிக் கட்டடத்தில் இருந்தது. வராந்தாவில் இடம் பிடித்து உட்காரவைத்து, என் பையில் இருந்த சீப்பால் அவளுக்குத் தலை வாரினேன். சிக்கு. அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். அவள் கழுத்தைக் கொடுத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருத்தி, மகனுக்காக வந்தவள், “குட்த்து வச்சவம்மா நீ” என்றாள். அம்மா கண்ணைத் திறக்காமலே, “பி.எஸ்ஸி. படிச்சிக்குது” என்றாள்.

டாக்டர் ஒரு பெண். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். மேஜையில் ஆறிப்போன காபி. அம்மாவிடம் தூக்கம், சாப்பாடு எல்லாம் விசாரித்துவிட்டு, “டிசம்பர்ல மட்டும்தான் இப்படி ஆகுதா?” என்றார். நான் ஆமாம் என்றேன். “நீங்க சொல்லாதீங்க” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

“பண்டிகை வந்தா உங்களுக்கு என்னென்ன வேலைம்மா?”

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். ஒட்டடை அடிக்கணும். முறுக்கு சுடணும், குல்குல் உருட்டணும். அண்ணி வருவாங்க, அவங்களுக்கு மீன் வாங்கணும். தெருப் பிள்ளைங்களுக்குத் தலைக்கு எண்ணெய் வச்சு விடணும். சொல்லிக்கொண்டே வந்தவள், “அப்புறம் கொயந்தையத் தூக்கணும்” என்றாள்.

“எந்தக் குழந்தையை?”

அம்மா தன் மடியைப் பார்த்தாள்.

“அது சில்லுனு இருக்கும் டாக்டரம்மா” என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

எனக்கு ஒரு தம்பி பிறந்து இறந்தான் என்று எனக்குத் தெரியும். அப்போது எனக்கு நாலு வயது. எதிர்வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது தூளிப் புடவை மடித்து வைத்திருந்தது. தம்பி சாமியாண்ட போயிட்டான் என்றார்கள். அதற்கு மேல் அவனைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. மீதியை நான் அந்த அறையில், இன்னொருத்தர் கேட்டதற்கு அம்மா சொன்ன பதிலில்தான் தெரிந்துகொண்டேன்.

“ஆஸ்பத்திரில வூட்டுக்கு எட்த்துனு போங்கன்னுட்டாங்க. ஆட்டோல வந்துகினு இருந்தோம். பக்கத்துல அண்ணி ஜெபமாலை சொல்லிகினு வந்தாங்க. கையிலயே சில்லுனு ஆயிட்டான் ஃப்ரெடி. எனக்குத் தெரிஞ்சிப் போச்சி. சொன்னா அண்ணி ஜெபத்த நிறுத்திடுவாங்களேன்னு சொல்லல. முடிக்கட்டும்னு அப்டியே வச்சிகினு வந்தேன்.”

ஃப்ரெடி. அவனுக்குப் பெயர் இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“போன வருசம் பொம்மைய விட மாட்டேன்னு நான் புடிவாதம் புடிச்சன்னு இவ நினைச்சிகினு கீறா” என்று என்னைக் காட்டினாள். “அது இல்ல டாக்டரம்மா. கொஞ்சம் சூடு ஆவட்டும், சூடானதும் வைக்கோல்ல வச்சிடலாம்னு இருந்தேன். ஆவவே இல்ல.”

அழவில்லை. தெருவே பார்த்து மெய்சிலிர்க்கிற அழுகையில் ஒரு சொட்டுகூட அங்கே வரவில்லை. அழுததெல்லாம் நான்தான். டாக்டர் ஒரு பழைய கைக்குட்டையை என் பக்கம் தள்ளினார்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரமும் வரச் சொன்னார். என்னிடம், “பண்டிகைல இவங்களுக்கு எது பிடிக்குதோ அதைச் செய்யட்டும். பிடிக்காததை இந்த வருஷம் விட்டுடட்டும். யாருக்காகவும் சிரிக்கவும் வேணாம், அழவும் வேணாம்” என்றார். “மத்ததை இவங்ககிட்டயே கேளுங்க. கேட்டா சொல்றாங்களே.”

பஸ்ஸில் கேட்டேன். “உனக்கு இன்னாம்மா புடிக்கும், கிறிஸ்மஸ்ல?”

ஸ்டேஷன் தாண்டியது. “புள்ளைங்களுக்கு எண்ண வைக்கிறது” என்றாள். “அப்புறம் குல்குல் உருட்டுறது. அது கணக்கா உருளும் பாரு, அது.”

மாத்திரை சாப்பிட ஆரம்பித்து ஒரு வாரம் கழித்து ஒருநாள், மீன்காரி இரண்டு தரம் கூவிவிட்டுப் போனது தெரியாமல் அம்மா தூங்கினாள். நைனா எழுப்பப் போனார். நான் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.

“ஒடம்புக்கா?” என்றார்.

“தூங்குது, அவ்ளோதான். வுடு நைனா.”

அவர் என் காலைத் தாண்டிப் போய், ஸ்டவ்வைத் தானே பற்றவைத்து, நாற்றமெடுக்கிற ஒரு டீ போட்டார். கிளாஸை அம்மா தலைமாட்டில் வைத்து மூடிவிட்டு வேலைக்குப் போனார்.

சிலுவையம்மாள் அத்தை பலகாரம் செய்யத் திருவொற்றியூரிலிருந்து வந்தார். நைனாவின் அக்கா, அம்மாவுக்கு அண்ணி. வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாவில் கை வைப்பார், அப்புறம்தான் தண்ணீர் குடிப்பார். அன்றைக்கும் அப்படித்தான். குல்குல் மாவை உருண்டையாக்கி, புதுச் சீப்பின் பல்லில் வைத்து அழுத்தி, கட்டை விரலால் சுருட்டி எடுப்போம். அம்மா மாவு தீர்ந்ததென்று கடைக்குப் போயிருந்தாள். அத்தை சர்க்கரைக்காக டப்பாவைத் திறந்தார். மாத்திரை அட்டை அதற்குள் இருந்தது.

“இது இன்னாடி?”

“அம்மாவுக்கு.”

“இன்னாத்துக்கு? எங்க போனீங்க?” முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். “அடிப்பாவி. அங்கியா இட்டுகினு போன? ஜெபம் பண்ற வாய அடைக்கிற மாத்திரைடி அது. பாலனைத் தூக்குற கைக்கு இதக் குடுக்கலாமா? அந்தக் கையிலதான் அவ பொழச்சிகினு கீறா.”

“அந்தக் கையாலதான் செத்துகினு கீது அத்தை.”

“உனக்கு இன்னா தெரியும்? அந்த வருசம் பண்டிகை நேரத்துல பால் கட்டிகினு உங்கம்மா துடிச்சது உனக்குத் தெரியுமா? செவுத்தப் பாத்துகினு கெடந்தா. சோறு இல்ல, பேச்சு இல்ல. போய்ச் சேந்துடுவான்னு நினைச்சோம். நான்தான் மரியநேசன் அப்பாவாண்ட சண்ட போட்டு பாலனை வாங்கியாந்து அவ மடில வச்சேன். வெறுங்கையா இருக்காத பவுலினு, மடி நெறையட்டும், அடுத்த வருசம் ஒண்ணு தங்கும்னு. எந்திரிச்சி உக்காந்தா தெரியுமா? அன்னிக்குத்தான் எந்திரிச்சி உக்காந்தா!”

அத்தையின் கையில் மாவு நசுங்கி வழிந்தது. எனக்கு அதுவரைக்கும் இந்த உரிமை எங்கள் தாத்தா காலத்துச் சமாசாரம் என்றுதான் எண்ணம். அது ஒரு வைத்தியம். அத்தைக்குத் தெரிந்த வைத்தியம். ஒரு வருஷத்துக்கு என்று கொடுத்ததை யாரும் நிறுத்தவில்லை. அம்மாவுக்கு அப்புறம் பிள்ளை தங்கவில்லை, தெருவுக்கு ஓர் அழுகை தங்கிவிட்டது.

“சில்லுனு கீதாம் அத்தை” என்றேன்.

“எது?”

“பாலன். தூக்கும்போது சில்லுனு கீதாம்.”

ஆட்டோவில் நடந்ததைச் சொன்னேன். சொல்லலாமா என்று யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அத்தை சீப்பைக் கீழே வைத்தார்.

“நான் பக்கத்துலதானடி குந்திகினு வந்தேன்.”

“ஆமா.”

“கல்மண்டபத்தாண்ட எனக்கு ஜெபமாலைல ஒரு மணி வுட்டுப் போச்சி. திரும்ப எண்ணி எண்ணிச் சொன்னேன். அவ பேசாம வந்தா. நானு...” மாவுக் கையால் வாயை மூடிக்கொண்டார். “எனக்காகவா பேசாம வந்தா?”

அம்மா மைதாப் பொட்டலத்தோடு வந்தபோது அத்தையின் வாயைச் சுற்றி வெள்ளையாக இருந்தது. “இன்னா அண்ணி, பச்சை மாவயே துன்றீங்களா?” என்று அம்மா சிரித்தாள். அந்த டிசம்பரில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல். அத்தை மாத்திரை அட்டையைத் தன் முந்தானையால் துடைத்து, தண்ணீர்க் கிளாஸுக்குப் பக்கத்தில் அம்மா கண்ணில் படுகிற மாதிரி வைத்தார். பிறகு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் குல்குல் உருட்டினார்கள். அம்மா உருட்டியது ஒவ்வொன்றும் கணக்காக உருண்டது.

இருபத்திநாலாம் தேதி மத்தியானத்திலிருந்தே ஸ்பீக்கர் போட்டுவிட்டார்கள். அம்மா தெருப் பிள்ளைகளை வாசலில் உட்காரவைத்து ஒவ்வொருத்தருக்காக எண்ணெய் தேய்த்து அனுப்பினாள். அப்புறம் உள்ளே வந்து கை கழுவினாள். நைனா மேஜையில் துணி விரித்து வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அத்தை மூலையில் ஜெபமாலையை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லாமல், வெறுமனே பிடித்திருந்தார்.

அம்மா பீரோவைத் திறந்து பூத்துவாலைப் பொட்டலத்தை எடுத்தாள். கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். தெருமுனையில் மேளம் ஆரம்பித்தது.

“பவுலினு, பொறப்புடு. புடவ மாத்தல?” என்றார் நைனா, சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டே.

“இந்த வருசம் வேணாங்க.”

சின்னக் குரல்தான். இஸ்திரிப் பெட்டி நின்றுவிட்டது.

“ஜனம் வாசல்ல வந்து நிக்கும்டி.”

“நிக்கட்டுங்க. என்னால முடியல.”

நைனா என் பக்கம் திரும்பினார். நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று திட்டப் போகிறார் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. “வந்து நின்னா நான் இன்னான்னு சொல்றது?” என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார். அதுவரை என்னிடம் அவர் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

“ஜுரம்னு சொல்லிடு தம்பி” என்றார் அத்தை.

“வேணாம் அத்தை. ஜுரம்னா அடுத்த வருசம் திரும்ப வந்து நிப்பாங்க.” கண்ணாடிப் பொய்யைக் கைவிட்டு, நைனாவைப் பார்த்துச் சொன்னேன். “நான் சொல்றேன் நைனா. எங்கம்மாவுக்கு மனசு சரியில்ல, டாக்டராண்ட காட்டிகினு கீறோம், மாத்திரை சாப்புடுது. பாலனை இனிமே நீங்களே வச்சிக்குங்க, திரும்ப எங்க வூட்டுக்கு எட்த்துனு வராதீங்க. அவ்ளோதான்.”

“தெருவுக்கு நடுவுலயா சொல்லப் போற?”

“தெருதான பாக்க வந்துச்சி.”

“நாளைக்கு உன்ன...”

“கேக்காம போனா போறான் நைனா.”

அத்தை எழுந்து வந்து அம்மா மடியில் இருந்த துவாலையை விலக்கினார். பாலனின் கால் வெளியே தெரிந்தது. பீங்கான் கால், பெருவிரலில் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. அத்தை நைனாவின் கையைப் பிடித்து இழுத்து அந்தக் காலின் மேல் வைத்தார். இத்தனை வருஷமாகப் பக்கத்தில் நின்றாரே, நைனா ஒருநாளும் அதைத் தொட்டது கிடையாது.

“தொட்டுப் பாரு” என்றார் அத்தை. “அவ கைல நம்ம புள்ளையும் இப்டித்தான் இருந்தானாம். ஆட்டோலயே. நமக்குச் சொல்லல.”

நைனா கையை எடுக்கவில்லை. இஸ்திரிப் பெட்டி வெள்ளைச் சட்டையின் மேல் அப்படியே இருந்தது. தீய்கிற வாசனை வந்த பிறகு நான்தான் போய் எடுத்தேன். முதுகில் பழுப்பாக ஒரு முக்கோணம். நைனா அதைப் பார்த்தார். அம்மாவுக்குப் பக்கத்தில், கட்டிலில், பனியனோடு உட்கார்ந்தார்.

“ஃப்ரெடி” என்றார், யாரையோ கூப்பிடுகிற மாதிரி.

அம்மா அவர் தோளில் தலையைச் சாய்த்தாள்.

மேளம் பக்கத்தில் வந்துவிட்டது. மரியநேசன் மாமாவின் குரல் எல்லார் குரலுக்கும் மேலே கேட்டது. நான் முகத்தைக் கழுவவில்லை, புதுத்துணி போடவில்லை. காலையில் போட்ட அதே சுடிதார், கையெல்லாம் பலகார எண்ணெய் வாசனை. அம்மா முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என் கைகளைப் பார்த்தாள். பிறகு துவாலையை இன்னொரு சுற்றுச் சுற்றி, காலை மூடி, நுனியைச் செருகினாள்.

“தலையத் தாங்கிப் புடி” என்றாள். “கீழ தொங்க வுட்டுடாத.”

தாங்கிப் பிடித்தேன். துவாலைக்கு மேலேயும் சில்லிட்டது. இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

“நான் வரட்டாம்மா?” என்றார் நைனா, கட்டிலில் இருந்தபடியே.

“நீ அம்மா கூட இரு.”

தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளினேன். கதவு திறந்ததும் பாட்டு உரத்தது. முன் வரிசையில் கைக்குழந்தைக்காரிகள். எல்லார் கண்களும் என்னைத் தாண்டி அம்மாவைத் தேடின. நான் வெளியே வந்து, காலால் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, குடிலைப் பார்த்து நடந்தேன்.